களை என்று பிடுங்கச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதம். நெய்வேலி நகரியத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா மைன்ஸ் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் குவார்ட்டர்ஸில்தான். வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஆனால், விவசாயப் பாடம் நடத்தும்போது மட்டும் என் பேச்சுக்குக் குறைச்சல் இருக்காது.

படத்தில் காட்டுவதைவிடச் செய்தே காட்டலாமே என்று, முந்தைய மாதமே குழாயடிக்குப் பக்கத்தில் பாத்தி கட்டிப் பிள்ளைகளோடு நெல் விதைத்திருந்தேன். பச்சைப்பசேலென்று வந்துவிட்டது. சிலது கொழுகொழுவென்று உயரமாகவும், சிலது மெலிந்து குட்டையாகவும் நின்றன. "கொழுத்திருக்கறது நெல்லு, நோஞ்சானா இருக்கறது களை. பிடுங்குங்க பார்ப்போம்" என்றேன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

ஒருத்தி மட்டும் கையை வைக்கவில்லை. நிலம் சுரங்கத்துக்குப் போனபின் மந்தாரக்குப்பத்தில் வாடகைக்குக் குடிவந்த குடும்பத்துப் பெண் அவள். "அது இல்ல மிஸ்..." என்று ஏதோ ஆரம்பித்தாள். எனக்கு வந்ததே கோபம்! வேலை செய்யச் சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, வாயைத் திறக்கக் கூடாது என்று அதட்டி வராண்டாவில் கைகட்டி உட்கார வைத்துவிட்டேன். மணி அடிக்கும்வரை தலையைத் தூக்கவே இல்லை அவள்.

மறுநாள் காலை போய்ப் பார்த்தால், பிடுங்கிப் போட்டதில் ஒரு பிடியை யாரோ குழாயடிச் சேற்றில் வரிசையாக ஊன்றியிருந்தார்கள். யார் வேலை என்று வகுப்பில் கேட்டதும் அவளே எழுந்து நின்றாள்.

"அதான் மிஸ் நெல்லு. பாத்தியில நீங்க வளத்துகினு இருக்கறது புல்லு."

வெளியே கூட்டிப்போய், இலையும் தண்டும் சேரும் இடத்தைப் பிரித்துக் காட்டினாள். சேற்றில் இருந்ததில் அந்த இடத்தில் மெல்லிய தோலும் பொடி ரோமமும் இருந்தன. பாத்தியில் கொழுத்து நின்றதில் ஒன்றுமே இல்லை, வழவழவென்று இருந்தது.

"இதை நேத்தே சொல்லக் கூடாதா?" என்றேன். குரலில் விறைப்பு கொஞ்சம் மிச்சமிருந்தது.

"சொல்லத்தான் வந்தேன் மிஸ். நீங்கதான் வாயத் தொறக்கக் கூடாதுன்னீங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவமானமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்? வகுப்புக்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவள் சொல்லச் சொல்ல, எல்லோருமாகப் புல்லைப் பிடுங்கிவிட்டு, குப்பையில் கிடந்த நெல்லைத் தேடி எடுத்துத் திரும்ப நட்டோம். ராத்திரி முழுக்க வேர் காய்ந்து கிடந்ததில் அவை ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. அவள் சேற்றில் ஊன்றியது மட்டும்தான் கதிர்விட்டது. தை மாதம் இரண்டு கை நெல் கிடைத்தது.

அன்று மொத்த வகுப்பும் என் சொல்லைக் கேட்டு நடந்தது. அவளும் கேட்டிருந்தால் அந்த இரண்டு கை நெல்லும் இருந்திருக்காது என்ற நினைப்பு, ஒரு பிள்ளையை அதட்ட வாயெடுக்கும்போதெல்லாம் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.