பிரிவோடு திரும்பிப் போன வண்டிகள்

மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகுத் தோட்டத்துக்கு நடுவே எங்கள் வீடு. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு சும்மா கிடந்த அறைகளை, மலை சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்தோம். வழி சொல்வதுதான் பெரும்பாடு. தார் ரோட்டைவிட்டு மண் பாதை பிரிகிற இடம் வரைக்கும்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அந்தப் பாதையும் போகப் போக நாலாகப் பிரியும், எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்.

தங்க வந்த ஒரு கல்லூரி வாத்தியார் அதற்கு ஒரு வழி செய்தார். போன் மேப்பில் எங்கள் வீட்டைக் குறித்தார். இரண்டு வரி நீளத்துக்கு வந்த அந்த லிங்க்கை, இலவசமாகச் சுருக்கித் தருகிற ஒரு கம்பெனியில் போட்டு, ஒரு ஆள் பேர் அளவுக்குச் சின்னதாக்கிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதைத் தார் ரோட்டுப் பிரிவில் இருக்கிற பாறையில் மஞ்சள் பெயிண்டால் எழுதினார். விசிட்டிங் கார்டிலும் அதையே அச்சடித்தோம். அதற்கப்புறம் யாரும் வழி தவறவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு கார்த்திகையில் ஆட்கள் வருவது நின்றுபோனது. வண்டிகள் வராமல் இல்லை. சாயங்காலம் பனி இறங்கும் நேரத்தில் பிரிவில் ஒரு கார் வந்து நிற்கும். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு சாத்துகிற சத்தம், பேச்சுச் சத்தம் எல்லாம் தோட்டத்துக்குள் கேட்கும். நான் அடுப்பில் தண்ணீர் வைப்பேன். தண்ணீர் கொதிக்கிற நேரம்வரை நின்றுவிட்டு வண்டி திரும்பி இறங்கிப் போய்விடும். மறுபடி ஒரு சனிக்கிழமை, இன்னொரு வண்டி, அதேபோல.

"பனியப் பார்த்துப் பயந்துட்டுப் போறாங்களாட்ட இருக்குது," என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயந்தவர்கள் அவ்வளவு நேரம் நிற்கமாட்டார்கள். எதையோ பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள் என்று மனசில் பட்டது. அப்புறம் தனியாகப் பிரிவுப் பக்கம் போகவே யோசனையாக இருந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், எஞ்சின் சத்தம் கேட்டதும் தலையில் வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு நடந்தேன். பாறைக்குப் பக்கத்தில் ஒரு வேன் நின்றது. முன்னால் ஒரு ஆளும் அவர் சம்சாரமும், பின்சீட்டில் தூங்குகிற குழந்தைகள். என்னைப் பார்த்ததும் அந்தம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. அந்த ஆள் மட்டும் கொஞ்சம் இறக்கி, "ஏனுங்க, இங்க தங்கறதுக்கு ஒரு ஊடு இருந்துச்சாமா, இப்ப இல்லீங்களா?" என்று கேட்டார்.

"யாருங்க இல்லைன்னு சொன்னது?"

போனைக் காட்டினார். வெள்ளைத் திரை. நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரே வரி, இங்கிலீஷில். இந்த முகவரி இப்போது இல்லை என்று அதற்கு அர்த்தம்.

"இருக்குதுங்க. அது எங்க ஊடுதான். நான் அங்கிருந்துதான் வாரேன்," என்று சொல்லிச் சிரித்தேன். "வாங்க, என் பின்னாலயே வாங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் பனிக்குள் மறைகிற பாதையைப் பார்த்தார். சம்சாரம் அவர் தோளைப் பிடித்து, "போயிரலாங்க," என்று மெதுவாகச் சொன்னது. சிரித்துக் கூப்பிட்டு ஆளைக் கொல்கிற பாவை இந்த மலையில் உண்டு என்று அடிவாரத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அது எனக்கு ஞாபகம் வந்தபோது வேன் திரும்பிவிட்டது. நில்லுங்க என்று கத்த வாயெடுத்தேன். கத்தினால் இன்னும் வேகமாகப் போவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அங்கேயே நின்று என் போனில் பாறையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அதே வெள்ளைத் திரை, அதே வரி. என் கைக்குள்ளேயே என் வீடு இல்லை என்று எழுதியிருந்தது. திரும்பும்போது வீட்டு விளக்கு கண்ணில் படும்வரைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

உள்ளே வந்ததும் வீட்டுக்காரரிடம், "என்னைக் கொஞ்சம் பாருங்க," என்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் பிரிவுக்குப் போய் வாத்தியாருக்குப் போன் போட்டோம். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. "அந்தக் கம்பெனியை மூடிட்டாங்கம்மா. மேப்புல உங்க வீடு அப்படியேதான் இருக்கு. அந்தச் சின்ன லிங்க் மட்டும் செத்துப்போச்சு. ஊரெல்லாம் கோடிக்கணக்குல இப்படிச் செத்துக்கிடக்கு," என்றார்.

வீட்டுக்காரர் அன்றைக்கே பாறையில் இருந்ததை அழித்து, வீட்டின் பேரும் அம்புக்குறியும் எழுதினார். பாதை பிரிகிற இடத்திலெல்லாம் பலகை நட்டார். ஆனால் கொடுத்த கார்டுகளை யாரிடம் போய் வாங்குவது? பழைய விருந்தாளிகள் நண்பர்களுக்கு அனுப்பிய மெசேஜ்கள் எந்தெந்தப் போனில் இருக்கின்றனவோ.

தை மாசம் வாசலூர்பட்டி ஏரிக்குப் போய்விட்டு ஒரு ஜோடி வந்தது. பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு போனையே பார்த்தார்கள். "நீ போய்க் கூட்டியா புள்ள," என்றார் வீட்டுக்காரர். நான் மாட்டேன் என்றேன். அவரே போய்க் கூட்டி வந்தார். அந்தப் பெண் சாப்பிட்டுக்கொண்டே, "இந்த வீடு இல்லைன்னுதாங்க போன்ல வந்துச்சு," என்றாள். இன்னொரு தோசை போட்டேன். அதைப் பிட்டுக்கொண்டே, யாரும் கேட்காமல், போனை எடுத்து மறுபடியும் ஒருமுறை பார்த்தாள். சிக்னல் இல்லாததால் திரையில் ஒன்றும் வரவில்லை. கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். சட்டினி வேண்டுமா என்று கேட்டேன்.