கற்றதை மறந்த கியர் பாக்ஸ்

1. என் கால்

சேர்மக்கனியின் ஒர்க்‌ஷாப்பில் நான் சேர்ந்த முதல் நாள் என் கையில் கொடுத்தது ஒரு பிரஷ்ஷும் ஒரு சட்டி மண்ணெண்ணெயும். மாவட்டப் புதுக்கோட்டை இல்லை, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டின் மேலேயே இருக்கிற ஷெட். கழற்றிப் போட்ட பாகங்களைக் கழுவித் துடைத்து வரிசையாக வைக்க வேண்டும். நாலு வருஷம் அதைத்தான் செய்தேன். சேர்மக்கனி முதலாளி என்றாலும் வயதில் எனக்குத் தம்பி. ஊரில் நெல் வயலில் டிராக்டர் ஓட்டியவள் நான் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு ஆட்டோமேட்டிக் வண்டிகள் வர ஆரம்பித்தன. அந்த கியர் பாக்ஸை நடத்துவதற்கென்று ஒரு சின்ன கம்ப்யூட்டர் உண்டு. வண்டி பழசாகும்போது அதன் கணக்குப் பிசகும். கியர் மாறும்போது வண்டி உதறும். சேர்மக்கனி ஸ்கேனரை மாட்டி, புது சாஃப்ட்வேர் ஏற்றி, ரீசெட் கொடுப்பான். ரீசெட் கொடுத்ததும் அதுவரை கற்றதையெல்லாம் கியர் பாக்ஸ் மறந்துவிடும். எந்த கியரை எப்போது, எவ்வளவு மெதுவாகப் பிடிப்பது என்று முதலிலிருந்து பழக்க வேண்டும். அதற்கு ரீலேர்ன் என்று பேர். ஆயில் சூடான பிறகு முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். ஆக்சிலேட்டரை ஒரே சீராக மிதித்து ஒவ்வொரு கியராக ஏற்றி, பிரேக்கை அவ்வளவாகத் தொடாமல் வண்டியைத் தானாக ஓயவிட்டு, மறுபடி ஏற்ற வேண்டும். அவசரக் காலுக்கு அது படியாது. ஷெட்டில் இருந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் அவசரக் கால்.

ஒருநாள் மண்ணெண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நான் சாவியைக் கேட்டேன். சிரித்தார்கள். ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ரீலேர்ன் என் வேலை.

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஸ்கேனரில் ஓடும் இங்கிலீஷ் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். ஆனால் கியர் ஏறுவது என் இடுப்பெலும்புக்குத் தெரியும். திருநெல்வேலியிலிருந்து வண்டி கொண்டு வருகிறவர்கள்கூட, "பேச்சியம்மாக்கா ஓட்டிட்டாங்களா?" என்று கேட்டுத்தான் சாவியை வாங்குவார்கள்.

அப்பேர்ப்பட்ட கால் ஒரே ஒரு தடவை தோற்றது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதைச் சொல்கிறேன்.

2. மிக்கேலின் வண்டி

மிக்கேல் இளவயதிலிருந்து கடலில் சங்கு குளித்தவர். ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்துவிட்டார். ரத்தத்தில் காற்று கட்டி, இடது கால் செத்துப்போயிற்று. அதன் பிறகு கரையில் சங்குத் தரம் பார்க்கிற வேலை. சங்கைக் கையில் எடுத்து இரண்டு தட்டுத் தட்டினால் போதும், உள்ளே பூச்சி அரித்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மத்தியானம் வள்ளங்கள் ஒவ்வொரு கரையாக வந்து சேரும். இவரும் ஒவ்வொரு கரையாகப் போய் நிற்க வேண்டும். கிளச் மிதிக்கக் கால் இல்லாததால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அந்த வண்டி உதறிக்கொண்டே ஷெட்டுக்குள் வந்தது.

"அண்ணாச்சி, மூணாவது கியரு விழும்போது பின்னால எவனோ வந்து இடிக்க மாதிரி இருக்கு" என்றார் மிக்கேல். "டவுனுல ஒருத்தன் கியர் பாக்ஸையே மாத்தணும்னுட்டான். எம் மவன், எதுக்குப்பா சீரழியிதிய, பேசாம வீட்டுல இருங்கன்னு காயலான் கடைக்காரர வெள்ளிக்கிழம வரச்சொல்லிட்டான். இந்த வண்டி போச்சுன்னா நான் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்கார வேண்டியதுதான்."

சேர்மக்கனி கியர் ஆயிலைப் பார்த்தான், சரியாக இருந்தது. ஸ்கேனரை மாட்டிப் பார்த்தான். சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. மறுநாள் பேட்டரியில் சார்ஜரைக் கொடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற ஆரம்பித்தான். பாதியில் கரண்ட் இறங்கினால் அந்தக் கம்ப்யூட்டரே செத்துவிடும். அதனால் ஸ்கேனரில் ஓடுகிற கோடு நிறைகிற வரை கதவைத் திறக்கக்கூடாது, சாவியைத் தொடக்கூடாது. மிக்கேல் ஸ்டூலில் அசையாமல் இருந்தார்.

"அண்ணாச்சி, மூச்சு விடலாமா?"

"விடுங்க அண்ணாச்சி. சங்கு குளிச்சவரு நீங்க, மூச்சடக்குனா நாளைக்கு வரைக்கும்லா அடக்குவிய" என்றான் சேர்மக்கனி.

ரீசெட்டும் முடிந்தது. புதன்கிழமை காலையில் நான் சாவியை எடுத்தேன். தானும் வருவதாக மிக்கேல் எழுந்தார்.

"கஸ்டமர் கூட இருந்தா எனக்குக் கால் ஓடாது. நீங்க டீயக் குடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பைபாஸைத் தாண்டித் திருச்செந்தூர் ரோடு. என் பாதை அது. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கழன்ற பிறகு ரோடு ஓய்ந்துவிடும். வண்டி முதலில் ஒவ்வொரு கியருக்கும் தயங்கியது. பிறகு தயக்கம் குறைந்தது. பழையகாயல் தாண்டித் திரும்பியபோது தண்ணீர்மேல் எண்ணெய் போகிற மாதிரி போனது. அன்று எனக்கு என் காலை நினைத்து அவ்வளவு பெருமை.

வியாழக்கிழமை சாயங்காலம் மிக்கேல் திரும்பி வந்தார். வண்டி மறுபடி உதறுகிறது என்றார்.

நான் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. வந்து சாவியை மேசைமேல் வைத்தேன்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. கோளாறு ஓட்டுதவர் கிட்ட."

சேர்மக்கனி என்னை முறைத்தான். மிக்கேல் கோபப்படவில்லை. சாவியை எடுத்துக்கொண்டார்.

"இருக்கும்க்கா. எனக்கு ஒரு கால்தான. காலையில பத்து மணிக்குக் காயலான் கடைக்காரர் வந்துருவாரு. அதுக்கு முன்னால இப்பம் ஒருக்கா நான் ஓட்டுதேன், நீங்க பக்கத்துல இருந்து பாருங்க. எங்கன தப்புன்னு தெரிஞ்சாவது வண்டியக் குடுக்கேன்."

ஒர்க்‌ஷாப் வண்டியில் நான் இடது சீட்டில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பைபாஸ் வருவதற்குள் தெரிந்துவிட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து அவர் காலை ஒரேயடியாக எடுப்பதில்லை. கொஞ்சம் எடுப்பார், நிறுத்துவார். இன்னும் கொஞ்சம் எடுப்பார், நிறுத்துவார். நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் கியர் பாக்ஸ் ஏறுவதா இறங்குவதா என்று தடுமாறி உதறியது.

"ஏன் இப்படி நிறுத்தி நிறுத்தி எடுக்கிய?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அடியில இருந்து மேல வரும்போது அப்பிடித்தான் வரணும்க்கா. கொஞ்சம் வரணும், நிக்கணும், எண்ணணும். பொறவு கொஞ்சம் வரணும். ஒருநா எண்ணாம வந்தேன். இந்தக் காலு போச்சு. அதுல இருந்து எதையும் என்னால ஒரேயடியா விட முடியல."

நான் வண்டியைப் பழக்கியது என் காலுக்கு. அவர் நிற்கிற இடங்களில் நான் நின்றதே இல்லை. அந்த இடங்களெல்லாம் கியர் பாக்ஸுக்குக் காட்டப்படாத இடங்கள். இத்தனை வருஷத்தில் யார் ஓட்டப்போகிற வண்டி என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

ஷெட்டுக்கு வந்ததும் சேர்மக்கனியிடம், "இன்னொரு ரீசெட் குடு. நாளைக்கு விடிய இவரே ஓட்டட்டும்" என்றேன்.

"கஸ்டமர ஓட்டவிட்டு வண்டி கெட்டுச்சுன்னா யாரு பொறுப்புக்கா?"

"நான்தாம்லே. குடு."

3. ஆற்றுப் பாலம்

வெள்ளிக்கிழமை விடியற்காலை கிளம்பினோம். நான் வாயைத் திறப்பதில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். மிக்கேலின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தார்.

முத்தையாபுரம் வரை உதறல்தான். ஒவ்வொரு உதறலுக்கும் அவர் முகம் சுருங்கும். "எண்ணுங்க, எண்ணுங்க" என்று கையாலேயே காட்டினேன். அதன் பிறகு உப்பளம் வந்தது. இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் கட்டியிருந்தது. தண்ணீருக்குள் வானம் கிடந்தது. குவித்து வைத்த உப்பு, விடிகிற வெளிச்சத்தில் லேசாகச் சிவந்திருந்தது. தூரத்தில் துறைமுகத்தின் கிரேன்கள் கலங்கித் தெரிந்தன. மேலேயும் கீழேயும் ஒரே நிறம். நடுவில் ரோடு எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோனது. அவர் கொஞ்சம் காலை எடுத்தார், நின்றார், எண்ணினார். வண்டியும் அவருடன் நின்றது. மறுபடி கொஞ்சம். கடலுக்கு அடியிலிருந்து யாரோ எங்கள் இரண்டு பேரையும் மெல்ல மெல்ல மேலே கொண்டு வருகிற மாதிரி இருந்தது.

கண்ணைத் திறந்தபோது முக்காணிப் பாலத்தில் இருந்தோம். கீழே எங்கள் தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டியளாக்கா?"

"கண்ண மூடியிருந்தேன்."

"குறட்ட வந்துச்சே."

"அத விடுங்க. இப்பம் எத்தனாவது கியர்ல போவுது?"

"எனக்கு என்ன தெரியும்? நீங்கள்லா சொல்லணும்."

நான் இடுப்பைக் கேட்டுப் பார்த்தேன். அதற்கும் தெரியவில்லை. உப்பளத்திலிருந்து அந்தப் பாலம் வரை கியர் எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கும்! ஒன்றுகூட என்னை எழுப்பவில்லை.

திரும்பி வரும் வழியில் அவர் மகனிடமிருந்து போன் வந்தது. காயலான் கடைக்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வீட்டு வாசலில் வந்து நிற்கிறாராம். மிக்கேல் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினார்.

"அவருக்கு ஒரு டீய வாங்கிக் குடுல. வண்டி வந்துக்கிட்டு இருக்கு. குடுக்கதுக்கு இல்ல, காட்டுததுக்கு."

மத்தியானம் அவர் வழக்கம்போல வள்ளங்களைப் பார்க்கக் கரைக்குப் போனார்.

அன்றிலிருந்து ரீலேர்னுக்கு நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பதில்லை. யார் ஓட்டுகிற வண்டியோ அவர்தான் ஓட்ட வேண்டும். நான் இடது சீட்டில் இருப்பேன். அவசரக் கால்காரர்களை அதட்டுவேன், அவ்வளவுதான். வண்டி திரும்பி வந்ததும் சேர்மக்கனி ஸ்கேனரை எடுப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பான்.

"அக்கா, தூங்குனியளா?"