பங்காருவின் குப்பைமேடு

பங்காருவுக்குக் கோபுரங்கள் இரண்டு. ஒன்று திருத்தணி மலைமேல், இன்னொன்று அவர் வீட்டுக் கொல்லையில். பின்னது எருக்குப்பை. பெண் பார்க்க வருகிறவர்கள் குப்பையின் உயரத்தைப் பார்த்துத்தான் குடித்தனத்தை எடைபோடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மகள் வரலட்சுமிக்கு நல்ல இடம் அமைய வேண்டுமே என்று நாலு வருடமாக அவர் ஒரு கூடை எருவைக்கூட வயலுக்கு விடவில்லை. நெல் சோகை பிடித்து நின்றது. குப்பை மட்டும் வஞ்சனையில்லாமல் வளர்ந்தது.

அந்த நேரம் பார்த்து அவருடைய பதினெட்டுத் தென்னையிலும் காண்டாமிருக வண்டு விழுந்தது. தினமும் கம்பிக்கொக்கியோடு மரம் மரமாக ஏறி, குருத்துக்குள்ளிருந்து வண்டுகளைக் குத்தி இழுத்துப்போடுவார். மறுநாள் அதைவிட அதிகம் இருக்கும்.

"குப்பையிலதான் வண்டு முட்டை வெக்குது, கெளறிக் கொட்டுங்கன்னு கிராம சேவக் தலைபாடா அடிச்சுகினாரே, காதுல வுழலையா?" என்றாள் மனைவி எல்லம்மாள்.

"மரம் போனா வேற வெக்கலாம். குப்பை போனா மானம் போச்சு!"

இரண்டையும் காப்பாற்ற அவருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. கண்நோய்க்கு வெள்ளிக் கண்மலர் சாத்துகிற மலையில், வெள்ளியில் ஒரு வண்டு செய்து கொண்டுபோய்க் கொடுத்தார்.

குருக்கள் தியாகேசன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னப்பா இது, கரப்பான் பூச்சியா?"

"கொம்பு கீது பாருங்க சாமி" என்றார் பங்காரு. மனசு புண்பட்டுப்போயிற்று.

முருகன் செவி சாய்த்தான், ஆனால் தன் இஷ்டப்படி. மணவூர்ச் சின்னசாமி தன் மகனுக்குப் பெண் பார்க்க வந்தார். நேராகக் கொல்லைக்குப் போய்க் குப்பையை அண்ணாந்து பார்த்தார். பங்காருவின் மீசை தானாக மேலேறியது. "சீரோட ரெண்டு வண்டி எருவும் அனுப்பறேங்க" என்றார். சின்னசாமி கைத்தடியை உள்ளே விட்டு ஒரு கிண்டு கிண்டினார். கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள் பொலபொலவென்று அவர் செருப்பின்மேல் கொட்டின.

பங்காருவுக்குப் பாதி உயிர் போய்விட்டது. "நம்ம வூட்ல எது வளர்ந்தாலும் கொழுகொழுன்னுதாங்க வளரும்" என்றார்.

சின்னசாமி காலை உதறினார். "பொண்ணு எங்களுக்குச் சம்மதங்க. சீரோட ரெண்டு வண்டி எரு அனுப்பறேன்னீங்களே, அது மட்டும் வாணாம். எங்க வூட்லயும் தென்னை கீது."

அவர் ஏறிய வண்டியின் சத்தம் அடங்குமுன்பே பங்காரு மண்வெட்டியை எடுத்துவிட்டார். குப்பை வயலுக்குப் போயிற்று, புழுக்கள் ஊர்க் கோழிகளுக்குப் போயின. நெல் பச்சை பிடித்தது. தென்னையில் புதுக்குருத்து ஓட்டையில்லாமல் எட்டிப் பார்த்தது.

தை மாதம் கல்யாணம். பந்தலில் கட்ட அகப்பட்டதெல்லாம் வண்டு கடித்த பழைய ஓலைகள்தாம். கத்தரிக்கோல் போட்ட மாதிரி முக்கோணம் முக்கோணமாக வெட்டுப்பட்டிருந்தன. பங்காரு வெட்கத்தில் வாசல் பக்கமே வரவில்லை. பொதட்டூர்பேட்டை லுங்கி வியாபாரி ஷண்முகசுந்தரம் அவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து பந்தலைக் காட்டினார்.

"டிசைன் பிரமாதங்க! யாரு வெட்னது?"

பங்காரு ஒரு நொடி எல்லம்மாளைப் பார்த்தார். பிறகு மீசையை முறுக்கினார்.

"ஆங், நம்ம வூட்ல வளர்ந்த பசங்கதாங்க."