ஜிமிக்கி மட்டும் ஆடும் படம்

என் கொழுந்தனாரின் மனைவி எங்கள் ஆரம்பாக்கத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று மட்டும் அசையும் படத்தைப் பார்த்தேன். அடுப்பு, சுவர், கரண்டி எல்லாம் உறைந்து நிற்கும். பானையிலிருந்து ஆவி மட்டும் ஓயாமல் எழும். தன் போனிலேயே எடுத்திருந்தாள். மாமியார் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு பேக்கிங் செய்கிறவள்கூட, "உன் ஓரகத்தி போட்ட படத்த பாத்தியா? சோறு பொங்கிக்கினே இருக்குது!" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அந்த உலையை வைத்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் முயன்றேன். போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து, சூடான டீயை வீடியோ எடுத்தேன். அதற்கான ஆப்பில், ஆவி தெரியும் இடத்தை மட்டும் விரலால் தேய்த்து ஓடவிட்டு, மற்றதை நிறுத்தினேன். திரும்பத் திரும்ப ஓடும்போது முடிவும் தொடக்கமும் ஒட்டாமல் படம் துள்ளியது. முன்னும் பின்னுமாக ஓடவிட்டேன். துள்ளல் போயிற்று, ஆனால் மேலே போன ஆவி திரும்பி வந்து தம்ளருக்குள் இறங்கியது.

"இன்னாமே, டீயே பொகைய குடிக்குது!" என்று என் கணவர் சிரித்தார்.

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "ஆவிய ஒரே பக்கமா உடணும்க்கா. ஊஞ்சல் மாதிரி போய்ட்டு வர்றதுக்குத்தான் இது சரியா வரும்."

கேலியாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

சாயங்காலம் தலை வாரிக்கொண்டிருந்தவள் திரும்பியபோது, அவள் காதில் ஜிமிக்கி ஆடியது. அது போய்விட்டு வருவதுதானே! அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். முடி பறக்காமலிருக்க ஃபேனை நிறுத்தினேன். அவளுடைய ஸ்டாண்டிலேயே போனை மாட்டினேன். வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தில் ரயில் போனதில் ஸ்டாண்டு அதிர்ந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து, ஜிமிக்கியைச் சுண்டிவிட்டேன்.

"மூச்சு உடலாமாக்கா?"

"கூடாது."

முகம் சிலையாக நிற்க, ஜிமிக்கி மட்டும் போய்ப் போய் வந்தது. ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியவில்லை. பெருமையோடு குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன்.

"மகாலட்சுமி மாதிரி கீறா" என்றார் மாமியார்.

மறுநாள் கம்பெனியில் அந்தப் பேக்கிங்காரியிடம் நானே காட்டினேன். "உன் ஓரகத்தி இன்னா அழகுடி!" என்றாள்.

"நான் எடுத்தது" என்றேன்.

"அப்டியா? ஜிமிக்கி எந்தக் கடைல வாங்கினாளாம்?"

வீடு திரும்பும்போது ரயிலில் போனைத் திறந்தேன். அதே படத்தை ஓரகத்தி தன் ஸ்டேட்டஸில் வைத்து, கீழே 'எங்க அக்கா எடுத்தது' என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்துவிட்டு, குடும்ப வாட்ஸ்அப்பில் எல்லாரும் அவளுடைய நல்ல மனசைப் பாராட்டியிருந்தார்கள்.