துத்தத் தொட்டி

நடந்தது இது. இஞ்ஞாசி பொய் சொல்லுகிறவர்தான். பிடிபட்ட திருக்கை மீன் கதவு அகலம் இருந்தது என்பார்; வாசல் கதவா ஜன்னல் கதவா என்று கேட்டால் கோபம் வரும். ஆனால் இதைச் சொல்லும்போது அவர் ஒருநாளும் கையை விரித்து அளவு காட்டியதில்லை. அதனால்தான் நானும் நம்பினேன்.

தூத்துக்குடிக் கடற்கரையில் தோணிகளுக்குப் பாய் தைப்பது அவர் தொழில். கொழும்புக்குப் போய்வரும் தோணியின் பருத்திப் பாய் நனைந்து நனைந்து பூஞ்சணம் பிடிக்கும். பிடித்தால் நடுக்கடலில் கிழியும். அதற்காக, பூஞ்சணத்தைக் கொல்லும் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரில் பாயை ஊறப்போட்டு மிதிக்க வேண்டும். மிதிப்பது அவர் மனைவி இசபெல். சேலையைச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கினால், சளக்... புளக்... என்று ஒரு தாளம். அவள் கோபமாக இருக்கிறாளா குஷியாக இருக்கிறாளா என்பது இஞ்ஞாசிக்குத் தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

உலகச் சண்டைக் காலத்தில் துத்தம் கிடைக்கவில்லை. ஊரில் மற்றவர்கள் பாலில் தண்ணீர் ஊற்றினார்கள். இஞ்ஞாசி விஷத்தில் தண்ணீர் ஊற்றினார். பழைய தொட்டித் தண்ணீரையே வருஷக்கணக்கில் நீட்டி நீட்டிப் பாய் நனைத்தார். நீலம் வெளுத்துக்கொண்டே போனது. தொட்டி விளிம்பில் கறுப்பாக ஒரு படலம் வந்தது. துடைத்தார். வந்தது. துடைப்பதை விட்டுவிட்டார்.

நாற்பத்தாறில் இசபெலின் வலது பாதத்தில் உடைமுள் குத்தியது. அந்தப் புண்ணோடு மிதித்தாள். பாதம் வீங்கியது. சின்னச் சின்னத் துளைகள் விழுந்து, மிளகுப்பொடி போலக் கறுப்பு மணிகள் வழிந்தன.

நாசரேத்துக்காரரான கம்பவுண்டர் தேவபிரசாதம் துத்தத் தண்ணீரால் புண்ணைக் கழுவினார். அயோடைடு குடிக்கக் கொடுத்தார். எதற்கும் கேட்கவில்லை. ஒருநாள், கழுவுவதற்கு வைத்திருந்த துத்தப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். நீலத் தண்ணீருக்குள்ளேயே, நூல் நூலாக, கறுப்பாக வளர்ந்திருந்தது.

"அண்ணாச்சி, உம்ம தொட்டித் தண்ணி எப்ப உள்ளது?"

"சண்டைக்கு முந்தி ஊத்துனது."

"கொல்லாத அளவுக்கு விஷத்தக் குடுத்துப் பூஞ்சணத்த வளத்திருக்கீரு. பெத்த பிள்ளைக்குக்கூட இம்புட்டுப் பக்குவமா யாரும் ஊட்டமாட்டாவ."

"இப்ப என்ன செய்ய?"

"அக்கா கால்லயும் அதுதான், மேல ஏறுது. கால எடுக்கணும். இல்லன்னா ஆளு மிஞ்சாது."

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இசபெல்தான் இஞ்ஞாசியைத் திருப்பி அனுப்பினாள்.

"தோணி காத்துக் கெடக்கு. பாயை முடிச்சுக் குடுத்துட்டு வாரும். அறுக்கதப் பாத்து நீரு மயங்கி விழுந்தா, ஒம்மத் தூக்க இங்கன ஆளில்ல."

கம்பவுண்டர் துணைக்கு நின்றுகொண்டார்.

மறுநாள் பிற்பகல். ஐப்பசி மழை இருட்டிக்கொண்டு கொட்டியது. இஞ்ஞாசி கொட்டகையில் உட்கார்ந்து பாயின் ஓரம் தைத்தார். இன்னொரு பாய் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் தொட்டியை உடைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

முதுகுக்குப் பின்னால் சத்தம்.

சளக்...

கூரை ஒழுகுகிறது என்று நினைத்தார்.

சளக்...

ஒழுக்கு என்றால் சொட்டும். இது மிதித்தது. பாரத்தோடு. அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தார். புளக் வரவில்லை.

சளக்...

திரும்பினார். தொட்டியில் ஆளில்லை. ஊறிய பாயில் ஒரு குழி விழுந்தது. குதிகால்... பாதம்... ஐந்து விரல். குழி மெல்ல நிமிர்ந்தது. அதே இடத்தில் மறுபடி விழுந்தது.

வலது கால்.

"ஏளா... இசபெல்?"

நின்றது. காது கொடுப்பதுபோல.

சளக்...

செபமாலையை உருட்டினார். மிதித்தது. மந்திரித்த தண்ணீரைத் தெளித்தார். மிதித்தது. துத்தத்துக்கே அசையாதது இதற்கா அசையும்?

மூலையில், புதிதாக வந்திருந்த துத்த மூட்டை. தூக்கி முழுவதையும் தொட்டியில் கொட்டினார். நீலம் கன்றிப்போனது. பாய் முறுக்கிக்கொண்டு துடித்தது. தண்ணீர் விளிம்பில் மோதி மோதித் தெறித்தது.

பிறகு அடங்கியது.

இஞ்ஞாசி மூச்சு விட்டார்.

மழை மட்டும்...

சளக்...

ஓட நினைத்தார். இரண்டு கால் இருந்தும் அவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை.

விளக்கு வைக்கும்வரை அது மிதித்தது.

அடுத்த நாள் தேவபிரசாதம் வந்தார். குடையை மடக்கக்கூட இல்லை.

"நேத்து காலையிலயே கால எடுத்தாச்சு. மத்தியானத்துக்குள்ள அதை எரிச்சுட்டாவ, நான் நின்னு பாத்தேன். அக்கா பொழச்சுக்கிடுவாவ."

இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஒண்ணுதான் வெளங்கல அண்ணாச்சி. சாயங்காலம் நல்ல மழ. திடீர்னு, எடுத்த காலு எரியுது, யாரோ துத்தம் கொட்டுதாவன்னு அலறுனாவ. நாலு பேர் பிடிச்சும் அடங்கல. பொறவு அவியளே அமைதியாயிட்டாவ. சிரிச்ச மாதிரிகூட இருந்துச்சு."

"ஏதும் சொன்னாளா?"

"'இப்ப எரியல, பழகிட்டுது'ன்னாவ."