யூலை முதலாம் திகதிக் கலியாணம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும், நடுவிலே மறதியும் வரும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கோ.

போன கிழமை என் தங்கச்சி செல்வியின் மகள் அபி, சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு கட்டு ரிபனைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "பெரியம்மா, என்ரை கலியாணம் கனடா டேயிலை. எல்லாம் சிவப்பு வெள்ளைதான். கேக்கிலையும் மேப்பிள் இலை. எப்பிடி?"

நல்ல வடிவு என்றேன். புது ரிபனுக்கு ஒரு மணம் இருக்கிறது, தெரியுமோ? மொன்றியலில், சென்ட் லோரன்ட் தெருத் தையல் பக்டரியில் நான் சேட்டுக் கொலர் தைத்த காலத்து மணம். அந்த மணத்தோடு செல்வியின் கலியாணமும் நினைவில் வந்துவிட்டது.

அதுவும் யூலை முதலாம் திகதிதான். மாப்பிள்ளை குகன் அந்த வருசம்தான் சிற்றிசன் ஆனவர். கனகாலம் ஒரு நாட்டுக்கும் சொந்தமில்லாமல் திரிந்த மனிசன். "மச்சாள், எனக்கு இருக்க இடம் தந்த நாடு. அதின்ரை பிறந்தநாளிலைதான் தாலி கட்டுவன்" என்று ஒரே பிடி. பக்டரியும் பூட்டு, எல்லாருக்கும் லீவு, நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். அப்போது இங்கே மாவிலை எங்கே! குகன் நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கத்துத் தெருமரங்களில் மேப்பிள் இலை பிடுங்கித் தோரணம் கட்டினார். ஐயர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இலைதானே, இருக்கட்டும்" என்றார்.

செல்விக்கு ஒரே ஒரு கவலை. அப்பா அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. வீடியோ எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்ப வேண்டும். "அக்கா, மண்டபம் நிறைய ஆக்கள் தெரியவேணும். பிள்ளை ஆருமில்லாமல் கலியாணம் கட்டிச்செண்டு அப்பா நினைக்கக்கூடாது" என்று சொல்லிச் சொல்லி அழுவாள்.

எங்கள் மூளை எங்கே போனதோ! மொன்றியலில் வாடகைக்கு இருக்கிறவர்கள் எல்லாரும் வீடு மாறுகிற நாளும் அதுதான். நாங்களே எத்தனை தரம் மாறினவர்கள். லீவு என்ற சந்தோசத்தில் அது ஒருவருக்கும் ஓடவில்லை.

மண்டபம் என்றால் ஒரு சேர்ச்சின் பேஸ்மென்ட். காலமை போனால் வெறும் கதிரைகள். வீடியோக்காரர் என் காதுக்குள், "அக்கா, கமராவை எங்காலை திருப்பினாலும் கதிரைதான் விழுது" என்றார். மணவறையில் செல்வி தலை நிமிரவில்லை. கூறைச்சீலையில் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். அன்றைக்கு என்ன வந்ததோ, பட்டுச்சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தெரு முழுக்க லொறி. ஒரு வீட்டுக்கு வெளியே வளைந்த இரும்புப் படியில் எங்கள் பக்டரிச் சிவமக்கா, புருசனோடு சமையலறைப் பிரிஜ்ஜை இறக்கிக்கொண்டு நின்றா.

"அக்கா, தாலி கட்டப்போகுது, வாங்கோ!"

"இந்தக் கோலத்திலையோடி? பிரிஜ்ஜை நடுப்படியிலை விட்டிட்டோ?"

"அது எங்கையும் ஓடாது. வாங்கோ!"

அவவின் புருசன் பிரிஜ்ஜைப் படியோடு கயிற்றால் கட்டிவிட்டு வந்தார். பிறகு அடுத்த படி, அடுத்த லொறி. தமிழ் தெரியாதவர்களுக்குக் கழுத்தைத் தொட்டுத் தாலி கட்டுகிற மாதிரிக் காட்டி, "பொன்ஜூர், வாங்கோ" என்றேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அவ்வளவுதான். வந்தார்களே! கட்டில் காலோடு ஒருவர், பூச்சாடியோடு ஒருத்தி. எங்களுக்கு வீடு வாடகைக்குத் தந்த கிரேக்க அம்மா, புருசன் செத்த நாள் முதல் கறுப்பே உடுத்தினவ, முன்வரிசையில் இருந்து விம்மி அழுதா. ஆசீர்வாதத்துக்கு அறுகரிசி போடச் சொன்னால், அள்ளி அள்ளிக் கொட்டினா. மாப்பிள்ளையின் தலைப்பாகை முழுக்க அரிசி.

தாலி ஏறினதும் குகன் தலைப்பாகையைக் கழற்றி வைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிவமக்காவின் பிரிஜ் இறக்கப் போனார். புதுமாப்பிள்ளை இல்லாமல் பந்தி எப்படி நடக்கும்? எல்லாரும் பசியோடு காத்திருந்தோம்.

வீடியோக் கசெற் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும் அப்பா ரெலிபோனில் வந்தார். "பிள்ளை, மண்டபம் நிறைஞ்சு கிடக்கு! அந்தக் கறுப்புச் சட்டை மனிசி ஆர், மாப்பிள்ளை பக்கமோ?"

"எங்கடை ஆக்கள்தான் அப்பா" என்றாள் செல்வி. அன்றைக்குத்தான் அவள் முகம் தெளிந்தது.

அபியின் கலியாணம் புவாண்ட்-கிளேரில், பெரிய மண்டபத்தில். எங்கள் ஆக்கள் எல்லாம் சொந்த வீடு வாங்கிவிட்டார்கள், யூலையில் யாரும் லொறி பிடிப்பதில்லை. கட்டாயம் வருவார்கள். கதிரைக்குக் கதிரை வருகிறவரின் பேர் ஒட்டுவார்களாம். தெருவில் நிற்கிறவரைக் கூப்பிட்டு இருத்த ஒரு கதிரையும் மிஞ்சாது.

அன்றைக்கு வந்தவர்களிடம் நான் பேர் கேட்கவில்லை. கிரேக்க அம்மாவின் பேரும் மறந்துபோச்சு. நான் சொன்னதில் முன்பின் பிசகியிருக்கலாம். அந்த பேஸ்மென்டில் இருந்த ஆராவது இதை வாசித்தால், சரிபார்த்து, உங்கள் பேரையும் சொல்லுங்கோ.