நான்காவது பொத்தான்

மங்களம் முப்பத்தோரு வருடம் சிங்கப்பூர் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நீதிபதி கேட்பதைத் தமிழில் சொல்வார், கூண்டில் நிற்பவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வார். அவர் வாய் திறந்தபோதெல்லாம் ஓர் அறையே காது கொடுத்தது. வேறு வழியில்லை, கேட்டுத்தான் ஆக வேண்டும். ஓய்வு பெற்றபின் கேட்பதற்குக் கணவர் சுந்தரம் இருந்தார். சாப்பாட்டு மேசையில் மங்களம் பழைய வழக்குகளைச் சொல்லச் சொல்ல, அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே உம் கொட்டுவார். ஆறு வருடத்துக்கு முன் அவரும் போய்விட்டார். மகன் ஷங்கர் இருப்பது ஆஸ்திரேலியாவின் பெர்த்தில். அவனுக்கு என்ன எழுதி அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்று திரும்பி வரும். கிளமெண்டி வீட்டில் பேச்சுத் துணைக்கு மிஞ்சியது பிரஷர் குக்கர் மட்டும். அதுவும் மூன்று முறைக்கு மேல் வாய் திறக்காது.

அறுபத்தெட்டாவது வயதில் அவருக்கு ஒரு வேலை வந்தது. நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் பழைய பிரெஞ்சு அரசவை மனிதர்களின் ஓவியக் கண்காட்சி. படத்துக்கு முன் நின்று பொத்தானை அமுக்கினால் காதில் விளக்கம் சொல்லும் கருவி வைத்திருந்தார்கள். நான்கு மொழிக்கு நான்கு பொத்தான், தமிழ் நான்காவது. தஞ்சோங் பகாரில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து, தானே மொழிபெயர்த்த பன்னிரண்டு விளக்கங்களுக்கும் மங்களம் குரல் கொடுத்தார். மன்னரின் காதலி, முகத்துக்கு வெள்ளை பூசிப் பூசியே நோயில் விழுந்த சீமாட்டி, தன் கவிதைக்குத் தானே கைதட்டிக்கொண்ட பிரபு என்று எல்லாரும் பொய்முடியோடு வரிசையாக வந்தார்கள். அந்தப் பொய்முடியைச் ‘செயற்கைக் கேசம்’ என்று திருத்த வந்த அருங்காட்சியகக்காரரை மங்களம் ஒரே பார்வையில் உட்கார வைத்தார்.

ஒலிப்பதிவாளர் யாக்கூப் வேறொரு குறை சொன்னார். “ஒவ்வொரு வரிக்கும் அப்புறம் ரொம்ப நேரம் நிறுத்துறீங்க லா. வெட்டிடவா?”

“வெட்டாதீங்க,” என்றார் மங்களம். அது நீதிமன்றப் பழக்கம். ஒரு வாக்கியம் சொன்னால் எதிரே இருப்பவர் பதில் சொல்ல இடம் விட வேண்டும்.

அவருக்கு மிகவும் பிடித்தது ஏழாவது படம். இளவரசிக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவதற்கென்றே அரண்மனையில் வேலைக்கு இருந்த ஒரு பெண், மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். இருபது வருடம் வாசித்தாளாம். கடைசி நான்கு வருடம் இளவரசிக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. ஆனாலும் அவள் வாசிப்பை நிறுத்தவில்லை.

கண்காட்சி திறந்த மூன்றாம் நாள் மங்களம் போனார். யாராவது ஒருவர் தன் குரலைக் கேட்டுக்கொண்டு நிற்பதைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். கருவி கொடுக்கும் கவுண்டரில் நாற்பதைத் தாண்டிய ருக்சார் என்ற பெண் இருந்தாள். அவளுக்குப் பின்னால் வெள்ளைப் பலகையில் நாள்வாரியாகக் கணக்கு எழுதியிருந்தது. நேற்று ஆங்கிலம் இருநூற்றுப் பன்னிரண்டு, மாண்டரின் நூற்று நாற்பது, மலாய் ஒன்பது, தமிழ் பூஜ்யம்.

“தமிழ் யாருமே கேக்கலையாம்மா?”

“இன்னும் இல்ல ஆன்ட்டி. இப்படியே போனா அடுத்த எக்ஸிபிஷனுக்குத் தமிழ் வேணாம்னு மேல பேசிக்கிறாங்க.”

மங்களம் உடனே கருவியை வாங்கி நான்காவது பொத்தானை அமுக்கினார். அது தன் குரல் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

அன்றிலிருந்து அதுவே அவருக்கு அலுவல். தினமும் ரயிலேறி வருவார், தமிழை அமுக்குவார், பன்னிரண்டு படத்தின் முன்னும் நின்று தன் குரலையே கேட்பார், தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார். பலகையில் தினமும் தமிழ் ஒன்று. தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிற காரியம்தான், வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் விடவில்லை. ஒருநாள் நெற்றியில் திருநீறோடு ஒருவர் கவுண்டருக்கு வந்தபோது மங்களம் நகர்ந்து பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவர் ஆங்கிலம் கேட்டு வாங்கிப் போனார்.

ஏழாவது வாரம் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுக்கையில் போட்டது. அந்த நான்கு நாளும் மங்களம் ஒருவரிடமும் ஒரு சொல் பேசவில்லை. பேச ஆளில்லை. உடம்பு சரியில்லை என்று ஷங்கருக்கு எழுதினார். கட்டைவிரல் வந்தது. காய்ச்சலைவிட, பலகையில் விழப்போகும் நான்கு பூஜ்யங்கள்தான் அவரை அதிகம் வாட்டின.

ஐந்தாம் நாள் கால் தள்ளாடப் போய்ச் சேர்ந்தார். பலகையில் தமிழுக்கு நேரே ஒன்று, ஒன்று, ஒன்று, ஒன்று என்றிருந்தது.

மங்களம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். யாரோ கேட்டிருக்கிறார்கள். ஜூரோங் தொழிற்சாலையிலிருந்து விடுப்பு எடுத்து வந்த தொழிலாளியா, ஓய்வு பெற்ற ஆசிரியரா? நான்கு பேரா, ஒருவரேவா?

“யாரும்மா தமிழ் கேட்டது?”

ருக்சார் தலையைக் குனிந்துகொண்டாள். “நான்தான் ஆன்ட்டி. நீங்க வரல. சைபர் விழுந்துடுமேன்னு லஞ்ச் டைம்ல நானே எடுத்துட்டுப் போனேன்.”

மங்களத்தின் முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் வெளியிலிருந்து வந்து கேட்டவர் ஒருவருமில்லை. “அது என் குரல்னு உனக்கு...”

“நான் கேட்ட முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. காதுல அதே குரல், திரும்பக் கொடுக்க வர்றப்ப ‘நன்றிம்மா’ன்னு சொல்றதும் அதே குரல். இத்தனை நாள் நீங்க சொல்லவே இல்லையே ஆன்ட்டி.”





“புரிஞ்சுதா?”

“பாதிதான் லா. ஸ்கூல்ல நான் படிச்சது மலாய், வீட்டுத் தமிழ்தான் வரும். ஏழாம் நம்பர் புரிஞ்சுது. காது கேக்காதவங்களுக்கு அந்தப் பொண்ணு ஏன் வாசிச்சுக்கிட்டே இருந்துச்சு?”

“அவங்க இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்ததுல அது இல்லம்மா.”

ருக்சார் தயங்கினாள். “வரிக்கு வரி நிறுத்துறீங்கல்ல, அங்கல்லாம் சும்மா நிக்க முடியல. எங்க அத்தா கதை சொல்றப்ப உம் கொட்டலைன்னா கோவிச்சுக்குவாங்க. அந்தப் பழக்கத்துல உம் கொட்டிட்டேன். பக்கத்துல நின்னவங்க ஒரு மாதிரி பாத்தாங்க.”

“நாலு நாளுமா?”

“நாலு நாளும்தான்.”

மங்களம் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதார். சுந்தரத்துக்குப் பிறகு அவருக்கு யாரும் உம் கொட்டியதில்லை. பின்னால் வரிசை நீண்டது. ருக்சார் கருவியை எடுத்து நீட்டினாள்.

மங்களம் அதை வாங்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “உனக்கு லஞ்ச் எத்தனை மணிக்கும்மா?” என்று கேட்டார்.